அரிசி தின்றவள் கல்யாணம்

கார்ட்டூனில் மழை பெய்ய வைப்பதைப் போல லேசான வேலை உலகத்தில் கிடையாது. சாய்வாக நாலு கோடு, மேலே ஒரு கறுத்த மேகம், மேகத்துக்கு உப்பிய கன்னம், பக்கத்தில் ஒரு மின்னல். முடிந்தது. வீடு, மரம், தெரு எதையும் வரைய வேண்டியதில்லை. எல்லாம் மழையில் மறைந்துபோனதாகக் காட்டிவிடலாம். எங்கள் முதலாளி ரஃபீக் பாய் இந்தச் சூட்சுமத்தைக் கண்டுகொண்ட நாளிலிருந்து எங்கள் சேனலில் அடைமழைதான். திண்டுக்கல் வெயில் மண்டையைப் பிளக்கும். மாடியில், தகரக் கூரைக்குக் கீழே, நான் வியர்த்து ஒழுகியபடி புயல் வரைந்துகொண்டிருப்பேன்.

என் பெயர் சுகன்யா. குழந்தைகளுக்கான யூடியூப் சேனல் ஒன்றில் படம் வரைகிறேன். 'குடும்பத்தோடு பார்க்கலாம்' என்று விளம்பரத்தில் நாங்களே போட்டுக்கொள்வோம். குடும்பத்தோடு பார்க்கிறவர்கள் பார்த்துவிட்டு என்ன செய்வார்கள் என்று அப்போது எனக்குத் தெரியாது.

சத்தங்களுக்கெல்லாம் பொறுப்பு மணிமாறன். ஆத்தூர்க்காரர். ஒரு தகரத்தைத் தொங்கவிட்டு உலுக்கினால் இடி. முறத்தில் அரிசியைச் சரித்தால் மழை. வாயைக் குவித்து மைக்கில் ஊதினால் சூறாவளி. நாலு வருஷமாக நான் மின்னல் வரைய, அவர் இடி இடிக்க, இரண்டுக்கும் நடுவில் இருக்கவேண்டிய இடைவெளி குறைந்துகொண்டே வந்து, ஒருநாள் கல்யாணம் செய்துகொள்வது என்று முடிவெடுத்தோம்.

அப்பாவிடம் சொன்னேன். அப்பா மொக்கைச்சாமி, குஜிலியம்பாறைக்குக் கிழக்கே எங்கள் ஊரில் மானாவாரியில் நிலக்கடலை போடுகிறவர். வானத்தை நம்பிப் பிழைக்கிற மனிதருக்கு வேறு யாரையும் நம்பிப் பழக்கமில்லை.

"பய என்ன வேலை பாக்குறான்?"

"இடி இடிக்கிறாருப்பா."

"எதுல?"

"தகரத்துல."

"தகரம் தட்டுறவனுக்கு எம்மகளக் குடுக்க மாட்டேன்," என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார். சொந்தம், முறை எல்லாம் பொருந்தித்தான் இருந்தது. அதனால் வேறு காரணம் சொல்ல வழியில்லாமல் அந்தத் தகரத்தையே பிடித்துக்கொண்டார். நான் போனில் அழைத்தால் எடுப்பார். மணிமாறன் பெயரைச் சொன்னதும் சிக்னல் இல்லை என்பார்.

அந்த ஆத்திரத்தில்தான் கொறிக்கிளி என்றொரு கார்ட்டூன் பெண்ணை வரைந்தேன். வெறும் அரிசியை அள்ளித் தின்கிற பெண்ணுக்குக் கல்யாணத்தன்று மழை பெய்யும் என்று அடுப்படிக்குள் கால் வைத்த எல்லாப் பெண்களும் கேட்டிருப்பார்கள். நான் கொஞ்சம் அதிகமாகவே கேட்டிருக்கிறேன். உலைக்கு அரிசி அளந்து வைத்துவிட்டு அம்மா திரும்புவதற்குள் ஒரு கை குறைந்திருக்கும். கொறிக்கிளியும் அப்படித்தான், எப்போதும் அவள் வாயில் அரிசி. மாப்பிள்ளை தாலியை எடுத்ததும் கறுத்த மேகம் ஒன்று வந்து கன்னத்தை உப்பி ஊதும். பந்தல் பறக்கும், சாம்பார் அண்டா பறக்கும், மாப்பிள்ளையும் பறந்து போய்ப் பனைமரத்தில் தொங்குவான். அடுத்த வாரம் வேறு மாப்பிள்ளை, வேறு பனைமரம். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ரஃபீக் பாய்க்கு வாயெல்லாம் பல்.

எங்கள் ஊர் மட்டும் சிரிக்கவில்லை. ஆடிப்பட்டம் தேடி விதைத்துவிட்டு ஊரே அண்ணாந்து உட்கார்ந்திருந்த நேரம் அது. போன வருஷமும் மழை ஏய்த்துவிட்டது. இந்த வருஷம் ஒரு தூறல் போட்டு, விதையை முளைக்க வைத்து ஆசைகாட்டிவிட்டு, போனது போனதுதான். அந்த நிலைமையில் வீட்டுப் பிள்ளைகளின் போனில் கொறிக்கிளியைப் பார்த்த பெரியவர்கள் கதையைப் பார்க்கவில்லை. மழையைப் பார்த்தார்கள்.

ஒரு மத்தியானம் இரண்டு பேர் எங்கள் மாடிப்படி ஏறி வந்தார்கள். முன்னால் வந்தவர் பெரியகருப்பன், ஊரில் தலைவராக இருந்தவர். எனக்குப் பெரியப்பா முறை. பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தவர் சடையாண்டி மாமா. எங்கள் காட்டுக்கு அடுத்த காடு அவருடையது. இருவரும் தண்ணீர் வாங்கிக் குடித்தார்கள். பெரியப்பா வாயைத் துடைத்துக்கொண்டு ஆரம்பித்தார்.

"ஆத்தா, அந்தப் படத்துல வர்ற புள்ள நீதான?"

"அது சும்மா கார்ட்டூன், பெரியப்பா."

"அரிசி தின்னியா, இல்லையா?"

"சின்னப் புள்ளையில தின்னேன்."

"எம்புட்டு?"

இந்தக் கேள்விக்கு யார் பதில் வைத்திருப்பார்கள்? மாமா முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

"புழுங்கலா, பச்சையா?"

"ரெண்டுந்தான் மாமா."

"கடை அரிசியா, ரேசன் அரிசியா?"

"ரேசன்."

மாமாவின் முகம் தொங்கிப்போனது. "ரேசன்னா தூறலோட போயிருமேப்பா."

"அளவு கூடுனா எல்லாம் சரியாப் போகும்," என்று பெரியப்பா அவரைத் தேற்றினார். பிறகு என் பக்கம் திரும்பியபோது அவர் குரல் மாறியிருந்தது. "உனக்கு வயசும் போயிக்கிட்டே இருக்கு. மழையும் பேயாமக் கெடக்கு. ரெண்டும் வேற வேறன்னு நெனச்சுக்கிட்டிருந்தோம். இப்பத்தான வெளங்குது. ஊரு மழையப் பூராம் வயித்துல வச்சுக்கிட்டு, கல்யாணமும் பண்ணாம, இங்க வந்து உக்காந்து படம் வரையுற."

என்னைப் பதுக்கல்காரி என்கிறார்! எனக்கு வந்த கோபத்துக்கு இருவரையும் படியில் உருட்டிவிட்டிருப்பேன். ஆனால் உள்ளே இருந்து எட்டிப் பார்த்த மணிமாறனின் முகத்தைப் பார்த்ததும் மூளை வேலை செய்தது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். இங்கே பூசாரிகளே படியேறி வந்திருக்கிறார்கள்.

"கல்யாணம் பண்ணிக்கிறேன் பெரியப்பா. ஆனா மாப்ள இவருதான்."

பெரியப்பா மணிமாறனை மேலும் கீழும் பார்த்தார். "ஏம்ப்பா, உனக்குத் தாலி முடியத் தெரியுமா?"

"தெரியும்யா," என்றார் மணிமாறன்.

"அப்புறம் என்ன!"

ஊருக்குப் போய் அப்பாவை உட்கார வைத்துப் பேசினார்கள். அம்மாவும் ஊர்ப் பக்கம் சேர்ந்துகொண்டாள். "தகரம் தட்டுறவனா இருந்தா என்ன, தவில் அடிக்கிறவனா இருந்தா என்ன, ஊருக்கு மழை வருதுல்ல," என்றார்கள். ஒரு ஊரை எதிர்த்து ஒரு ஆள் எத்தனை நேரம் நிற்க முடியும்? அப்பா கடைசியில் ஒரு நிபந்தனை போட்டார்.

"மழைக்குத்தான கல்யாணம்? சரி. மழை வந்தாத் தாலி கட்டட்டும். வரலையா, தாலி கெடையாது. தகரக்காரன் ஆத்தூரு பஸ்ஸ ஏறிறணும். அதுக்கப்புறம் அந்தப் பேச்ச யாரும் எடுக்கக் கூடாது."

எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். மழை வராது என்ற தைரியத்தில் அப்பா, வரும் என்ற தைரியத்தில் ஊர், எதையாவது பிடித்துக்கொண்டு கரையேறினால் போதும் என்று நான். வானிலை அறிக்கையில் அந்த வாரம் 'லேசானது முதல் மிதமான மழைக்கு வாய்ப்பு' என்று போட்டிருந்ததை நான் நம்பியதும் உண்மை.

மணிமாறனின் அம்மா மூக்காயி, மாப்பிள்ளை வீட்டில் கல்யாணம் வைப்பதுதான் முறை, ஆத்தூரில்தான் நடக்க வேண்டும் என்றார். பெரியப்பா அதிர்ந்துபோனார். "ஆத்தூர்ல அணை இருக்கு தாயி. இருக்குற எடத்துல கொண்டு போயி இதையும் கொட்டவா?" நாலு வருஷமாக மகன் காத்துக் கிடப்பதைப் பார்த்து அலுத்துப்போன அந்தம்மா, "பாறை மேல வச்சாலும் வாரோம், பண்ணித் தொலைங்க," என்று சொல்லிவிட்டார். ஊர் பாறையைத் தேர்ந்தெடுக்கவில்லை. வறண்டு வெடித்துக் கிடந்த கண்மாயைத் தேர்ந்தெடுத்தது. பெய்வது நேராக அங்கேயே நிற்கட்டும் என்று.

பிறகு ஊரே உட்கார்ந்து கொறிக்கிளியைத் திரும்பத் திரும்பப் பார்த்தது, இந்த முறை பாடம் படிப்பது போல. படத்தில் பந்தல் பறந்ததால் பந்தல் போடவில்லை. சாம்பார் பறந்ததால் அண்டாக்களை மூடியோடு சேர்த்துத் தாம்புக் கயிற்றால் கட்டினார்கள். பத்திரிகையில் கீழே, மொய் பற்றி எழுதுகிற இடத்தில், 'குடை கொண்டுவர வேண்டாம்' என்று அச்சடித்தார்கள். வருகிற விருந்தாளியை வாசலிலேயே மறிப்பது போல ஆகிவிடுமாம். நான் பெரியப்பாவிடம் போய், அது நானாக இட்டுக்கட்டிய கதை என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். "நம்ம புள்ள பொய்யி சொல்லுமா?" என்று அவர் என்னிடமே எனக்காகப் பரிந்து பேசினார்.

ஆவணி முகூர்த்தத்தன்று காலையில் மணிமாறன் மணவறையில் வந்து உட்கார்ந்ததும், சடையாண்டி மாமா கிணற்றுக் கயிற்றைக் கொண்டுவந்து அவர் இடுப்பில் ஒரு முனையையும், பக்கத்தில் உருட்டி வைத்திருந்த ஆட்டுரலில் இன்னொரு முனையையும் கட்டினார்.

"இது எதுக்குய்யா?" என்று மணிமாறன் கேட்டார்.

"படத்துல மாப்ள பறந்துர்றான்ல. நீங்க பறந்துட்டா அப்புறம் தாலிய யாரு கட்டுறது?"

பட்டு வேட்டி, மாலை, இடுப்பில் கயிறு, கயிற்றில் உரல். என்னால் சிரிக்கவும் முடியவில்லை. வானம் அப்போதுதான் சலவைக்குப் போட்டு எடுத்தது போல நீலமாக இருந்தது.

கண்மாய் முழுக்க ஜனம். ஒருத்தர்கூட என்னைப் பார்க்கவில்லை. பட்டு கட்டி, பூ வைத்து, மாதக்கணக்கில் ஏங்கி வந்து உட்கார்ந்திருக்கிறேன். மொத்தக் கூட்டமும் கழுத்தை ஒடித்து வானத்தைப் பார்க்கிறது. நாதஸ்வரக்காரர்கூட அண்ணாந்தபடியே வாசித்ததில் ராகம் எங்கேயோ போய்த் திரும்பி வந்தது. ரஃபீக் பாய் திண்டுக்கல்லிலிருந்து வந்து, கேமராவுக்கு பிளாஸ்டிக் பை மாட்டி, நேரலையில் காட்டுவதற்காக மேகத்தைத் தேடிக்கொண்டிருந்தார்.

தாலி வைத்த தட்டு எல்லோரிடமும் போய் ஆசீர்வாதம் வாங்கிக்கொண்டு வந்தது. கடைசியாகத் தொட்ட பெரியப்பா தாலியை எடுத்துக் கைக்குள் வைத்து மூடிக்கொண்டார்.

"மேகம் வரட்டும்."

காத்திருந்தோம். வெயில் ஏறியது. முகூர்த்தம் கரைந்துகொண்டிருந்தது. அப்பா கொஞ்சம் தள்ளிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"பழைய அரிசில்ல? செரிச்சுப் போயிருக்கும்," என்று கூட்டத்தில் ஒரு குரல் வந்தது. சரிதானே என்று இன்னும் பத்துக் குரல். எல்லோர் கையிலும் தூவுவதற்கென்று கொடுத்த அட்சதை இருந்தது. மஞ்சள் அரிசியாக இருந்தாலும் அரிசி அரிசிதானே? முதலில் ஒரு அத்தை வந்து என் வாயில் ஒரு சிட்டிகை போட்டாள். பிறகு வரிசையே கட்டிவிட்டார்கள். "மெல்லுத்தா, நல்லா மெல்லு," என்று ஆளுக்கு ஒரு கை திணித்தார்கள். மஞ்சள் கசந்தது. பல் கூசியது. ஒரு நெல் ஈறில் குத்தியது. கண்ணில் தண்ணீர் வந்ததும், "இந்தா, அறிகுறி தெரியுது," என்றார்கள்.

"நானும் திங்கட்டுமா?" என்று மணிமாறன் மெதுவாகக் கேட்டார். கேட்டுவிட்டு என் பதிலுக்குக் காத்திருக்காமல் ஒரு கை அள்ளிப் போட்டுக்கொண்டார். உரலில் கட்டிய ஒரு மனிதர் எனக்காக மஞ்சள் அரிசியை மெல்வதைப் பார்த்தபோது, இவரைத் தவிர வேறு யாரும் எனக்கு வேண்டாம் என்று நான் நினைத்தது சரிதான் என்று தோன்றியது.

மேற்கே ஒரு மேகம் வந்தது. கோழிக்குஞ்சு அளவுதான் இருக்கும். கண்மாயே எழுந்து கும்பிட்டது. அது எங்கள் தலைக்கு மேல் வந்து, யாரையும் தெரியாதது போல, கரூர்ப் பக்கம் போய்விட்டது.

அப்போதுதான் சடையாண்டி மாமா தொண்டையைக் கனைத்தார். "எனக்கென்னமோ மாப்ளைக்கு ராசி பத்தலைன்னு படுது. வேற ஆள உக்கார வச்சுப் பாத்தா என்ன?"

"வேற ஆளா?" என்றார் பெரியப்பா.

"படத்துலயும் வாரா வாரம் மாப்ள மாறுறான்ல?"

கூட்டம் இதை யோசித்தது. யோசித்துப் பார்க்கப் பார்க்க அதற்கு நியாயமாகப் பட்டது. மாமாவின் மகன் ஈஸ்வரன், எனக்கு முறைப் பையன், என்ன ஆச்சரியமோ, அன்றைக்குப் பட்டு வேட்டியில் வந்திருந்தான். "முகூர்த்தம் முடியப் போகுது, சட்டுன்னு மாத்துங்கப்பா. கயித்த அவுத்து ஈஸ்வரன் இடுப்புல கட்டுங்க," என்று பெரியப்பா உத்தரவு போட்டார். இரண்டு பேர் குனிந்து மணிமாறனின் இடுப்பில் இருந்த முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினார்கள். அவர் கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். காலையில் எதுக்குய்யா என்று கேட்ட அதே மனிதர், இப்போது அதை விடமாட்டேன் என்கிறார்.

நான் எழுந்து கத்த நினைத்தேன். வாய் நிறைய அரிசி. ஒவ்வொரு வாரமும் ஒரு மாப்பிள்ளையைப் பனைமரத்துக்கு அனுப்பிவிட்டு, அவன் எப்படி இறங்கினான் என்றுகூட நான் வரைந்ததில்லை. அழுகை பொங்கிக்கொண்டு வந்தது; அழுதால் அதையும் மழைக்கணக்கில் சேர்த்துவிடுவார்கள் என்று அடக்கினேன். அப்பாவைப் பார்த்தேன். அவர் கேட்டது கிடைத்துவிட்டது. மழை இல்லை. ஆத்தூர் பஸ் காத்திருக்கிறது. ஜெயித்தவர் முகம் எப்படி இருக்கிறது என்று பார்த்தால், அத்தனை கூட்டத்தில் அவர் ஒருவர்தான் வானத்தைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் உதட்டில், முகவாயில், மாலையில் ஒட்டியிருந்த மஞ்சள் அரிசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கட்டியிருந்த கை அவிழ்ந்தது.

"ஏலே சடையாண்டி!" அந்தச் சத்தத்துக்கு நாதஸ்வரம் நின்றுபோனது. "எம்மக என்ன மோட்டாரா? தண்ணி வரலன்னு வால்வ மாத்தி மாத்திப் போட்டுப் பாக்குற?"

"இல்ல மச்சான், ஊருக்கு மழை..."

"மழை வேணாம்," என்றார் அப்பா.

குஜிலியம்பாறைப் பக்கம் பிறந்தவர்கள் யாரும் வாயால் சொல்லாத சொல் அது. வற்றலைக் காயப்போட்டுவிட்டுக் காவல் இருக்கிறவள்கூட, வானம் இருட்டினால், 'செத்த நேரம் கழிச்சு வாயேன்' என்று கெஞ்சுவாளே தவிர, வேண்டாம் என்று சொல்லமாட்டாள். கூரை ஒழுகுகிற வீட்டில்கூட சொல்லமாட்டார்கள். கண்மாய்க் கரைக்கு அந்தப் பக்கம் அப்பாவின் கடலைச்செடிகள் மத்தியான வெயிலில் இலையைக் குவித்துக்கொண்டு நின்றன. அவருக்கும் அது தெரிந்துதான் இருந்தது.

அவர் பெரியப்பாவின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத் தாலியை எடுத்தார். மணிமாறனிடம் நீட்டினார்.

"கட்டுங்க மாப்ள."

மணிமாறன் அசையவில்லை. தகரக்காரன் என்பதைத் தவிர வேறு பெயரில் அப்பா அவரை அழைத்தது அதுதான் முதல் தடவை. ஒருவேளை ஈஸ்வரனைச் சொல்கிறாரோ என்று திரும்பிப் பார்த்தார்.

"உங்களத்தான். கட்டுங்கன்னுல்ல சொல்றேன்!"

கட்டினார். மூன்று முடிச்சையும் அவரே போட்டார். தூவுவதற்கு அட்சதை இல்லை. நாங்கள் இரண்டு பேரும் தின்று தீர்த்திருந்தோம். ரஃபீக் பாயின் கேமரா இன்னும் வானத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்ததால் நான் தாலி வாங்கியதற்குப் படமும் இல்லை.

ஊர் சாப்பிட்டது. கோபமாக இருந்தாலும் சாப்பிட்டது. சாம்பார் அண்டாவின் முடிச்சை அவிழ்க்க முடியாமல் கடைசியில் அரிவாள் கொண்டு அறுத்தார்கள். இலை எடுத்தபிறகு பெரியப்பா எழுந்து, நடந்தது நடந்ததாக இருக்கட்டும், ஆனால் சொன்ன சொல்லை அப்படியே விட்டுவைக்க முடியாது என்றார். மொக்கைச்சாமி கண்மாய் நடுவில் நின்று, எல்லோரும் கேட்க, அதைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் இனி எந்த மழை இந்தப் பக்கம் வரும்?

அப்பா மறுக்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வெடித்த மண்ணில் நடந்துபோய் நடுவில் நின்றார். அண்ணாந்து பார்த்தார். கல்யாணத்துக்கு வராமல் போன பங்காளியிடம் பேசுவது போலப் பேசினார்.

"சோத்துக்கு ஒண்ணும் கொறை இல்ல. எப்பத் தோணுதோ அப்ப வா. எம்புட்டு நாளு வேணும்னாலும் இருந்துட்டுப் போ. வெள்ளாமைக்காரன் அந்தச் சொல்லச் சொல்லியிருக்கக் கூடாது. ஊரு சொல்றது வாஸ்தவந்தான்."

பெரியப்பா நிம்மதியாகத் தலையாட்டினார். அப்பா இன்னும் முடிக்கவில்லை.

"ஆனா எம்மக வாயில அரிசியத் திணிச்சுத்தான் நீ வரணும்னா, அப்பவும் நான் வேணாம்னுதான் சொல்லுவேன். பாத்துக்க."

ஊர் தலையில் கை வைத்துக்கொண்டது. நான் பட்டுச் சேலையை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு கண்மாய்க்குள் ஓடி, அப்பாவின் தோளில் முகத்தை வைத்து, அத்தனை பேரும் பார்க்க அழுதேன். இந்தத் தடவை யாரும் அதை அறிகுறி என்று சொல்லவில்லை.